ஐந்தாவது மாடிக்கு ஆள் வந்தது

அந்தக் கடைவீதியில் அவரை மாடிக்காரர் என்றால்தான் தெரியும். சொந்தமாக ஒரு மாடிகூட இல்லாத மனிதருக்கு அப்படி ஒரு பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் அவர் தொழில். அலுவலகங்களுக்கு இடம் பிடித்துக் கொடுக்கும் புரோக்கர். எந்தக் கட்டடத்தில் எந்த மாடி காலி, எங்கே ஏசி மக்கர் பண்ணும், எந்த லிஃப்ட் மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் நின்று யோசிக்கும் என்பதெல்லாம் அவருக்கு விரல்நுனியில். இருபத்திரண்டு வருடப் பழக்கம்.

அவருடைய மனைவி வேலை பார்த்ததும் அதே வீதியில்தான். பெரிய தபால் நிலையத்துக்கு எதிரே நிற்கும் பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில், ஐந்தாவது மாடியில், ஒரு காப்பீட்டுக் கம்பெனியின் கிளை இருந்தது. அங்கே பதினோரு வருடம் இருந்தாள். மதியம் ஒரு மணிக்கு அவள் கீழே இறங்கினால், இவர் எந்த மூலையில் இருந்தாலும் வந்து சேர்ந்துவிடுவார். டப்பாவைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு வீதியை ஒரு சுற்று சுற்றுவார்கள். வீட்டில் பேச நேரமில்லாமல் போனதையெல்லாம் அந்த அரைமணி நேரத்தில் பேசித் தீர்ப்பார்கள். ஜெராக்ஸ் கடைக்காரம்மா, "கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துக்கு அப்புறம் என்ன பேச்சு வேண்டிக் கிடக்கு?" என்று கிண்டல் செய்வாள்.

பிறகு வீதிக்கு வியாதி வந்தது. பெரிய கம்பெனிகள் புறவழிச் சாலையில் கண்ணாடிக் கட்டடம் கட்டிக்கொண்டு போயின. சில கம்பெனிகள், எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்று சொல்லிக் கடையைக் கட்டின. காப்பீட்டுக் கம்பெனி தன் கிளைகளையெல்லாம் சுருட்டித் தலைமை அலுவலகத்தோடு சேர்த்துக்கொண்டது. தலைமை அலுவலகம் ரயிலில் ஆறு மணி நேரத் தூரத்தில், பெருநகரத்தில். அங்கே வருகிறீர்களா, வேலையை விடுகிறீர்களா என்று கேட்டு அவளுக்கு இரண்டு வரியில் கடிதம் வந்தது.

"ஒரு வருஷம்தாங்க," என்றாள் அவள். "போய் ஒட்டிக்கிட்டா, இந்தப் பக்கம் திரும்ப ஏதாவது திறக்கும்போது கேட்டு வாங்கிட்டு வந்துடுவேன்."

மகள் அப்போது ஆறாம் வகுப்பு. அவளுடைய பள்ளிக்கூடம் இங்கே, இவர் தொழில் இங்கே. அதனால் அப்பாவும் மகளும் இருந்துகொண்டார்கள், மனைவி மட்டும் ரயில் ஏறினாள். முதலில் ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தாள். பிறகு ஒரு வாரம் விட்டு ஒரு வாரம். அப்புறம் மாதம் ஒருமுறை. ஒரு வருஷம் என்றது நாலு வருஷம் ஆயிற்று. மகள் பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள், அம்மாவைவிட அரையடி உயரம். ஒவ்வொரு முறை வரும்போதும் அவள் மகள் பக்கத்தில் நின்று பார்த்து, "மறுபடியும் வளர்ந்துட்டியா? நான் இல்லாத நேரம் பார்த்தே வளர்றே," என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள்.

இதற்கிடையில் நகராட்சிக்கு வீதியின் மேல் திடீர்க் கரிசனம் பிறந்தது. நகரமையப் புத்துயிர்த் திட்டம் என்று பெயர் வைத்து, நடைபாதைக்குப் புதுக் கல் பதித்தார்கள், விளக்குக் கம்பங்களுக்குக் கறுப்புச் சாயம் பூசினார்கள், இருபதடிக்கு ஒரு பெஞ்சு போட்டார்கள். பெஞ்சுகளில் புறாக்கள் உட்கார்ந்தன.

"உட்கார இடம் போட்டாச்சு சார்," என்றார் பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் செக்யூரிட்டிக்காரர். "உட்கார ஆளுக்குத் தனியா டெண்டர் விடணும் போலிருக்கு."

அவர் விளையாட்டாகச் சொன்னதை மாடிக்காரர் பிடித்துக்கொண்டார். காலிக் கட்டடங்களுக்கு ஆள் கொண்டுவரும் கம்பெனிகளுக்கு ஐந்து வருடம் சொத்துவரிச் சலுகை என்று திட்டத்தின் எட்டாவது பக்கத்தில் போட்டிருந்தது. மனைவியின் கம்பெனி, எல்லோரையும் பெருநகரத்தில் அடைத்து வைத்து மூச்சு முட்டி, நானூறு பேர் உட்காரும் மையம் ஒன்றை நடுத்தர ஊர் ஒன்றில் திறக்கப் போவதாகத் தொழில் வட்டாரத்தில் பேச்சு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அன்று மதியமே அவளுக்கு ஃபோன் போட்டார்.

"உங்க கம்பெனிக்கு நான் எழுதப் போறேன். அஞ்சு, ஆறு, ஏழுன்னு மூணு மாடியும் சேர்த்து. பழைய இடத்துக்கே கூட்டிட்டு வர்றேன்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"லைன் கட் ஆயிடுச்சா?"

"இல்ல, இருக்கேன்." கொஞ்சம் பொறுத்து, "எழுதுங்க," என்றாள். "எழுதாதீங்கன்னா மட்டும் கேக்கவா போறீங்க?"

அந்தக் குரலில் இருந்த தயக்கத்தை அவர் வேலை நேரத்துக் களைப்பு என்று எடுத்துக்கொண்டார். மனசு ஒன்றை வேண்டிக்கொண்டிருக்கும்போது காதுக்கு எல்லாமே சாதகமாகத்தான் கேட்கும்.

அந்த ஒரு வருடம் அவர் உழைத்த உழைப்பை வீதியே பார்த்தது. நகராட்சி அலுவலகப் படிகளில் ஏறி இறங்கி வரிச்சலுகைக்கு உத்தரவாதக் கடிதம் வாங்கினார். பேருந்து நிறுத்தத்தைக் கட்டடத்தின் வாசலுக்குப் பக்கத்தில் நகர்த்தச் சொல்லி மனு கொடுத்தார். கட்டடச் சொந்தக்காரரை நச்சரித்துக் கழிப்பறைகளை இடித்துப் புதிதாய்க் கட்ட வைத்தார். ஐந்தாவது மாடியில் நின்றுதான் இந்த வேலைகளுக்கெல்லாம் அவர் ஃபோன் பேசுவது. அங்கே ஏறிப் போனால் பழைய கம்பெனி விட்டுப்போன சாமான்கள் அப்படி அப்படியே கிடக்கும். வெள்ளைப் பலகையில் யாரோ எழுதிய 'வெள்ளி மதியம் கூட்டம்' அழியாமல் இருந்தது. எந்த வெள்ளி என்று தெரியவில்லை. ஒரு டிராயரில் பாதி தீர்ந்த கைக்களிம்பு. அது அவளுடையது இல்லை என்று வாசனையிலேயே தெரிந்துவிட்டது. இருந்தாலும் மூடியைத் திருகி மூடி, இருந்த இடத்திலேயே வைத்தார்.

ஒரே ஒரு குறை. ஐந்தாவது மாடியின் கிழக்கு மூலையில், மழை பெய்தால், மொட்டைமாடித் தண்ணீர் இறங்கும் குழாய் ஜன்னலுக்கு மேலே ஒழுகும். சொந்தக்காரர் அதற்குப் புது சீலிங் பலகை ஒன்றை வைத்து மூடிவிட்டார். "மழைக்கு இன்னும் நாலு மாசம் இருக்கு. அதுக்குள்ள கையெழுத்து ஆயிடும். நீர் வாயைத் திறக்காம இருந்தா போதும்," என்றார். மாடிக்காரர் இந்தத் தொழிலில் பொய் சொன்னதில்லை. சொல்லாமல் விடுவது பொய்யாகுமா என்று தன்னையே கேட்டுக்கொண்டார். பதில் வருவதற்குள் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

மூன்று ஊர்களில் இந்த ஊரும் கடைசிப் பட்டியலுக்கு வந்தது. இடம் பார்க்க மூன்று பேர் வருவதாகக் கடிதம் வந்தது. மூன்றாவது ஆள் அவருடைய மனைவி.

"நீ எப்படி வர முடியும்? நான்தானே புரோக்கர்?" என்று ஃபோனில் கேட்டார்.

"நீங்க என் வீட்டுக்காரர்னு எழுதிக் கொடுத்துட்டேன். முடிவுல எனக்குப் பங்கு கிடையாது. ஆனா அந்தக் கட்டடத்துல வேலை பார்த்தவ நான் ஒருத்திதானாம். வந்து காட்டுங்கன்னுட்டாங்க." பிறகு, "ஒருநாள் வேலைதாங்க. காலையில வந்துட்டு நாலு மணி ரயிலுக்குத் திரும்பிடுவோம்," என்றாள்.

அன்று காலை மாடிக்காரர் சட்டையை இரண்டு முறை மாற்றினார். மகள் பார்த்துவிட்டு, "என்னப்பா, பொண்ணு பார்க்கப் போறியா?" என்றாள்.

காரிலிருந்து முதலில் இறங்கியவர் தலைமை அதிகாரியம்மா. குட்டையாக வெட்டிய நரைமுடி, அதிகம் பேசாத முகம். அடுத்து, லேசர் அளவுகோலோடு ஒரு பொறியாளர். கடைசியாக அவள். சாம்பல் நிறப் புடவை, கழுத்தில் அடையாள அட்டை. அவரைப் பார்த்துக் கை கூப்பி, "வணக்கம் சார்," என்றாள். அவருக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அவள் கண்ணில் விளையாட்டு இல்லை. அவரும், "வாங்க மேடம்," என்றார்.

அவர் அதுவரை அவளை வேலையில் பார்த்ததில்லை. பதினோரு வருடம் லிஃப்ட் வாசலில் காத்திருந்தவர்தான், மேலே ஏறி வந்து அவள் எப்படிப் பேசுவாள் என்று பார்த்ததில்லை. இப்போது பார்த்தார். பொறியாளர் அளந்துகொண்டிருக்க, அவள் கேட்டுக்கொண்டே போனாள். ஜெனரேட்டர் எத்தனை நொடியில் எடுக்கும்? ஒரு லிஃப்ட் பழுதானால் நானூறு பேரை எப்படி ஏற்றுவது? ஆறு மணிக்கு மேல் பேருந்து நிறுத்தம் வரைக்கும் எத்தனை விளக்கு எரியும்? கேட்டதைக் குறித்துக்கொள்ளவில்லை, எல்லாம் தலையில் ஏறின. பொறியாளர், அவளைவிடப் பத்து வயது மூத்தவர், ஒவ்வொரு அளவையும் எடுத்ததும் அவள் முகத்தைத்தான் பார்த்தார்.

கிழக்கு மூலைக்கு வந்ததும் நின்றாள். அண்ணாந்து பார்த்தாள். மற்ற பலகைகளைவிட ஒரு பலகை மட்டும் கொஞ்சம் கூடுதல் வெள்ளை.

"இங்க ஒழுகும்," என்றாள் அதிகாரியம்மாவிடம். "நான் இருந்தப்போ மழைக்காலம் பூரா இங்க வாளி வெச்சிருப்போம். பலகையைத்தான் மாத்தியிருக்காங்க. குழாயை மாத்தினாங்களான்னு சாரைக் கேளுங்க."

எல்லோரும் மாடிக்காரரைப் பார்த்தார்கள். அவருக்குக் காது மடல் சூடாயிற்று.

"இல்லைங்க," என்றார். "பலகை மட்டும்தான். நானே சொல்லியிருக்கணும். சொல்லல."

அதிகாரியம்மா தன் குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டு, "சரி, குழாயை மாத்திட்டு எழுதுங்க. எங்க ஆள் வந்து தண்ணி ஊத்திப் பார்ப்பார்," என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, "நாங்க கீழ போய் டீ குடிக்கிறோம். நீங்க ரெண்டு பேரும் பத்து நிமிஷம் கழிச்சு வாங்க," என்று பொறியாளரை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவ்வளவு பெரிய கூடத்தில் அவர்கள் இருவர் மட்டும். பேச்சு எதிரொலித்தது.

"மாட்டி விட்டுட்டியே," என்றார்.

"கேட்டா என்ன சொல்வீங்கன்னு தெரியும். அதனாலதான் கேக்க வெச்சேன்." அவள் ஜன்னலோரமாக நடந்து போய், கார்ப்பெட்டைக் குனிந்து பார்த்தாள். மேஜைக் கால்கள் அழுத்திய நாலு பள்ளங்கள் இன்னும் இருந்தன. செருப்பு நுனியால் ஒன்றைத் தொட்டாள். "இங்கதான் என் டேபிள். ஒரு மணி ஆக அஞ்சு நிமிஷம் இருக்கும்போது எட்டிப் பார்ப்பேன். நீங்க தபால் ஆபீஸ் ஓரமா வந்துட்டிருப்பீங்க. வேட்டையாடப் போற மாதிரி ஒரு நடை."

"நீ பார்த்ததே இல்லைன்னு நினைச்சேன்."

"தினமும் பார்த்தேன்."

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கை சில்லென்று இருந்தது. கீழே புறாக்கள் பெஞ்சை விட்டுப் பறந்து மறுபடியும் பெஞ்சிலேயே இறங்கின. வீட்டுக்கு ஒரு எட்டு வந்துவிட்டுப் போ என்று சொல்ல வாய் வரை வந்தது. மணி மூன்றாகப் போகிறது, மகளுக்கு அன்று பரீட்சை, வந்தாலும் பூட்டிய வீட்டைத்தான் பார்க்க வேண்டும். சொல்லவில்லை.

சாயங்காலம் மகள் பையை வீசிவிட்டுக் கேட்டாள். "அம்மா ஊருக்கு வந்திருந்தாங்களாமே? இந்த ஊருக்கா?"

"வேலையா வந்தாங்கம்மா."

"வந்துட்டுப் போயிட்டாங்களா?" என்றாள். அன்று அவள் சாப்பிடும்போது வழக்கமான வம்பு எதுவும் பேசவில்லை.

மாடிக்காரர் சொந்தக்காரரிடம் சண்டை போட்டுக் குழாயை மாற்ற வைத்தார். பொறியாளர் வந்து தண்ணீர் ஊற்றிப் பார்த்தார், ஒரு சொட்டு இறங்கவில்லை. ஆறாவது வாரம் கடிதம் வந்தது. மூன்று மாடியும் எடுத்துக்கொள்கிறார்கள். குறையை ஒப்புக்கொண்ட புரோக்கர் இந்த ஊரில்தான் இருந்தார் என்று அதிகாரியம்மா குறிப்பு எழுதியதாகப் பிறகு தெரிந்தது.

கடிதத்தைப் படித்துவிட்டு அவர் லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியில் ஓடி இறங்கினார். செக்யூரிட்டிக்காரரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். நடைபாதையில் நின்றபடியே அவளுக்கு ஃபோன் போட்டார்.

"கிடைச்சிடுச்சு! மூணு மாடியும் எடுத்துக்கிறாங்க!"

"தெரியும்ங்க," என்றாள் அவள். "காலையிலேயே சொன்னாங்க. சந்தோஷம்." பிறகு, "சனிக்கிழமை வர்றேன். நேர்ல பேசலாம்," என்றாள்.

அந்த நாலு நாளும் அவர் கால் தரையில் படவில்லை. அலமாரியில் அவளுடைய தட்டைக் காலி செய்து வைத்தார். இவ்வளவு காலமாக அதில் மகளின் பழைய புத்தகங்களும் இவருடைய ஒப்பந்தக் கோப்புகளும் ஏறி உட்கார்ந்திருந்தன.

சனிக்கிழமை வந்தாள். மகள் நடனப் பயிற்சிக்குப் போனதும், அவள் மகளின் சீருடைகளை எடுத்துப் போட்டு இஸ்திரி போட ஆரம்பித்தாள். பேச வேண்டிய பேச்சு கனமானதாக இருந்தால் அவளுக்குக் கையில் ஒரு வேலை வேண்டும். அவருக்கு அது தெரியும். கட்டில் நுனியில் உட்கார்ந்து காத்திருந்தார்.

"இந்த மையத்தை நடத்த என்னைத்தான் முதல்ல கேட்டாங்க."

"அப்புறம் என்ன? எப்போ வர்றே?"

"வேண்டாம்னு சொல்லிட்டேன்."

அவர் சரியாகக் கேட்கவில்லையோ என்று பார்த்தார். அவள் காலரை மடித்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

"அங்க கிளெய்ம் பிரிவு முழுசையும் என்கிட்ட தர்றாங்க. ஆயிரத்து இருநூறு பேர். ரெண்டுல ஒண்ணு எடுத்துக்கங்கன்னாங்க. ஒருநாள் டைம் கேட்டேன். ராத்திரி பூரா யோசிச்சேன். காலையில அதைத்தான் எடுத்துக்கிட்டேன்."

"என்னைக் கேக்கணும்னு தோணலையா?"

"கேட்டா வந்துடுவேன். அதனாலதான் கேக்கல."

வெளியே யாரோ ஸ்கூட்டரைக் கிளப்ப முடியாமல் உதைத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அது கிளம்பிப் போயிற்று.

"பதினோரு வருஷம் அந்த ஜன்னலோரத்துல உட்கார்ந்து மத்தவங்க எழுதினதைச் சரிபார்த்தேன்," என்றாள் அவள். "குறைன்னு சொல்லல. ஆனா அங்க போனதுக்கு அப்புறம்தான் எனக்கு இவ்வளவு தெரியும்னு எனக்கே தெரிஞ்சுது. நான் வாயைத் திறந்தா பத்துப் பேர் பேனா எடுக்கிறாங்க. அது எனக்குப் பிடிச்சிருக்கு. சொல்ல வெக்கமாத்தான் இருக்கு. பிடிச்சிருக்கு."

"ஒழுகுற மூலையைச் சொன்னியே. அது இதுக்குத்தானா? இந்த ஊர் தள்ளிப் போகட்டும்னா?"

கேட்ட பிறகுதான் கேட்டிருக்க வேண்டாம் என்று தோன்றியது. அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"தெரியல," என்றாள். "இல்லன்னு சொல்ல ஆசையா இருக்கு. வேற ஊரை எடுத்தா நான் உங்ககிட்ட இந்தப் பேச்சைப் பேச வேண்டியிருக்காதுன்னு மனசு ஒரு மூலையில வேண்டிக்கிட்டுதான் இருந்துச்சு. ஆனா ஒழுகுறது நெசம்தானே."

"நெசம்தான்."

"நான் ஏங்கலன்னு மட்டும் நினைச்சுடாதீங்க." இப்போது அவள் குரல் உடைந்தது. "உங்க குறட்டைச் சத்தம் இல்லாம ஆறு மாசம் எனக்குத் தூக்கமே வரல. ஏழாவது மாசம் ஒருநாள் நல்லாத் தூங்கிட்டேன். விடிஞ்சு எழுந்ததும் அதை நினைச்சு அப்படி அழுதேன்."

அவர் எழுந்து போய் அவள் பக்கத்தில் நின்றார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. ஒரு வருடமாகத் தூக்கிக்கொண்டு ஓடிய மூட்டையை இறக்கிப் பார்த்தால், அதைக் கேட்டது அவள் இல்லை, வேறு யாரோ என்பது போலிருந்தது. மடித்த சீருடைகளை எடுத்து அலமாரியில் வைத்தார். காலியாக இருந்த தட்டு கண்ணில் பட்டது. அவளும் அதைப் பார்த்துவிட்டாள்.

அடுத்த மாதம் நானூறு பேர் வந்தார்கள். வீதி படபடவென்று கண்ணைத் திறந்தது. ஜெராக்ஸ் கடைக்காரம்மா இன்னொரு மெஷின் இறக்கினாள். டீக்கடைக்காரர் இரண்டாவது அடுப்பு வைத்தார். மூடிக் கிடந்த செருப்புக் கடை திறந்தது, மருந்துக் கடைக்குப் பக்கத்தில் ஒரு பழச்சாறு கடை முளைத்தது. பெஞ்சில் இடம் பிடிக்கப் போட்டி. மாடிக்காரர் போகிற வழியெல்லாம் கும்பிடு. "உங்க புண்ணியம் சார்," என்றார்கள். நகராட்சித் தலைவர் மேடை போட்டு அவருக்கு ஒரு சால்வை போர்த்தினார். அவர் அதை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு இறங்கி வந்தார்.

மதியம் ஒரு மணிக்கு லிஃப்ட் திறந்து பெண்கள் கூட்டமாக வெளியே வருவார்கள். கழுத்தில் அதே அட்டை, கையில் டப்பா, ஒருத்தியை ஒருத்தி மிஞ்சிய பேச்சு. தபால் நிலையத்தின் ஓரமாக நின்று அவர் பார்ப்பார். யாரைத் தேடுகிறோம் என்று அவருக்குத் தெரியும், அந்தக் கூட்டத்தில் இருக்க மாட்டாள் என்பதும் தெரியும். ஆனாலும் கடைசி ஆள் வந்து லிஃப்ட் கதவு மூடும்வரை கால் நகராது. யாரோ ஒரு பெண் சாம்பல் நிறப் புடவையில் வந்த நாளில் அவர் நாலு எட்டு எடுத்து வைத்தே விட்டார். வீதி காலியாகக் கிடந்தபோது இவ்வளவு வலித்ததில்லை. அப்போது யாருமே இல்லை, அவளும் இல்லை. இப்போது எல்லோரும் இருந்தார்கள்.

மகளின் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்தது. ஒரு காலையில் அவள் தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"அப்பா, ஒண்ணு கேப்பேன். கோவிச்சுக்கக் கூடாது. அஞ்சு வருஷமா அம்மா எப்போ வருவாங்கன்னே பேசிட்டிருக்கோமே. நாம ஏன் போகல?"

"உனக்கு ஸ்கூல், எனக்கு வேலை..."

"எனக்கு ஸ்கூல் முடிஞ்சிடுச்சு. பதினொண்ணாவதுக்கு எப்படியும் வேற இடம்தான். உனக்கு வேலைன்னா, அங்க மாடியே கிடையாதா?"

ஒரு கம்பெனியையே பெயர்த்துக் கொண்டுவர வழி தேடியவருக்கு, தன் பெட்டியைக் கட்டலாம் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்று அன்று முழுக்க வீதியில் நடந்தபடி யோசித்தார். செக்யூரிட்டிக்காரர் சல்யூட் அடித்தார். டீக்கடைக்காரர் கேட்காமலே சர்க்கரை குறைத்து நீட்டினார். மூன்றாவது கட்டடத்து லிஃப்ட்காரர் மகளின் மார்க்கை விசாரித்தார். பெருநகரத்தில் அவர் யார்? நாற்பத்தேழு வயதில் ஏதோ ஒரு பெரிய நிறுவனத்தில் நாற்பது புரோக்கர்களில் ஒருத்தர். இங்கே மாடிக்காரர். அவளுக்குப் பேனா எடுக்கும் பத்துப் பேர் என்றால், அவருக்கு இந்த வீதி. அதை அவள் வாயால் சொன்னாள். இவர் சொல்லாமலே அஞ்சு வருடம் அனுபவித்திருக்கிறார்.

நாங்களே அங்கே வந்துவிடுகிறோம் என்று அவளுக்கு ஃபோன் போட்டுச் சொன்னார். அவள் துள்ளிக் குதிக்கவில்லை.

"உங்களால அந்த வீதியை விட்டுட்டு இருக்க முடியுமா?"

"முடியாதுதான்."

"அப்புறம்?"

"முடியாததைத்தானே நீ இத்தனை வருஷமா பண்ணிட்டு இருக்கே. கொஞ்ச நாள் நானும் பண்ணிப் பார்க்கிறேன்."

அந்தப் பக்கத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "வீடு பார்க்கிறேன்," என்றாள். "பால்கனி இருக்கிற மாதிரி."

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின வாரம் கிளம்பினார்கள். பெருநகரத்தில் அவருக்குக் கிடைத்தது ஒரு பெரிய நிறுவனத்தில் மேஜை வேலை. கட்டடங்களைத் திரையில்தான் பார்க்க வேண்டும். எந்த லிஃப்டின் குணமும் தெரியாது. பக்கத்து மேஜைக்காரர் ஒரு மாதம் ஆகியும் இவர் ஊர் எது என்று கேட்கவில்லை. மதியம் டப்பாவைத் தனியாகத்தான் பிரித்தார். அவள் அலுவலகம் நகரத்தின் மறுகோடியில். ஆனால் சாயங்காலம் ஏழரைக்குக் கதவில் சாவி திரும்பும். மகள் உள்ளேயிருந்து, "அம்மா, என் சார்ஜரை எடுத்துட்டுப் போனது நீதானே?" என்று சண்டைக்கு இழுப்பாள். அந்தச் சண்டையைக் கேட்டபடி அவர் பருப்பைக் கடைவார். அந்த நேரத்தில் அவருக்கு எந்தக் குறையும் இருந்ததில்லை. மற்ற நேரங்களில் இருந்தது.

மூன்றாவது மாதம் ஒரு வியாழக்கிழமை, அவர் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது பழைய வீதியிலிருந்து செக்யூரிட்டிக்காரர் ஃபோனில் கூப்பிட்டார். எட்டாவது மாடியைக் கேட்டு ஒரு மருத்துவப் பரிசோதனைக் கம்பெனி வந்திருக்கிறது, புதுப் புரோக்கர் பெண்ணுக்கு அந்த மாடியின் மின்சார இணைப்பு பிடிபடவில்லை. மாடிக்காரர் பால்கனிக்குப் போய் நின்றுகொண்டு அந்தப் பெண்ணுக்கு ஒவ்வொன்றாகச் சொன்னார். எந்த மீட்டர் எந்தப் பாதிக்கு, எந்தச் சுவருக்குப் பின்னால் கேபிள் ஓடுகிறது, சொந்தக்காரரிடம் எதைக் காலையில் கேட்கக் கூடாது. ஒழுகும் இடம் எதையாவது பலகை வைத்து மறைத்திருந்தால் வந்தவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடச் சொன்னார். "சரிங்க சார், சரிங்க சார்," என்றாள் அவள். அந்தப் பக்கம் பேருந்து ஹாரன், யாரோ சில்லறை கேட்கும் சத்தம், ஜெராக்ஸ் கடைக்காரம்மாவின் சிரிப்பு. அந்தப் பெண் நன்றி சொல்லி வைத்த பிறகும் ஃபோனைக் காதிலேயே வைத்திருந்தார்.

திரும்பினால், மனைவி பால்கனி வாசலில் நிற்கிறாள். தோளிலிருந்து பையைக்கூட இறக்கவில்லை. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

அவள் பையை இறக்கி வைத்துவிட்டு, பால்கனித் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் தட்டி அவரையும் உட்காரச் சொன்னாள்.

"சொல்லுங்க," என்றாள். "யார் யார் எப்படி இருக்காங்க?"

அவர் தபால் நிலையத்து முனையிலிருந்து ஆரம்பித்தார். ஒவ்வொரு கடையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். செருப்புக் கடைக்கு அடுத்தது எது என்று அவர் தடுமாறியபோது அவள் எடுத்துக் கொடுத்தாள். உள்ளேயிருந்து மகள், பசிக்கிறது என்று இரண்டு தடவை குரல் கொடுத்துவிட்டுத் தானே தட்டு போட்டுக்கொண்டாள்.